தோட்டப்புறச் சுகாதாரத் தன்னார்வலர் திட்டம்: பலன் தருகிறதா என்று அறிவது எப்படி?

ஒரு காலத்தில் தோட்ட மக்களுக்கு உடம்பு முடியவில்லை என்றால் டிரெசர்தான் முதல் துணை. இன்று புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட மக்கள் அரசாங்கக் கிளினிக்கையும் தஞ்சோங் காராங் மருத்துவமனையையும் நம்பியிருக்கிறார்கள். கிளினிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் சம்பள இழப்பும் பலரைத் தடுக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் தன்னார்வலர்கள். சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய கோஸ்பென் திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகளே எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். தேவை பெரியது: 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

இத்தகைய திட்டத்தை எடைபோட நான்கு கேள்விகள் போதும்.

1. தொடங்கும் முன் நிலை என்ன? முதல் கணக்கு இல்லாவிட்டால் முன்னேற்றத்தைக் காட்ட முடியாது.

2. யார் விடுபட்டார்கள்? காலையில் நடத்தும் முகாமுக்கு ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் வருவார்கள். குலை வெட்டப் போனவர் வரமாட்டார். மாலையிலும் ஞாயிறன்றும் சோதித்தார்களா என்று பாருங்கள்.

3. சோதனைக்குப் பின் என்ன நடந்தது? இதுவே முக்கியம். உதாரணத்திற்கு, 100 பேரைச் சோதித்து 30 பேருக்குச் சர்க்கரை அதிகம் எனக் கண்டு, அவர்களில் 10 பேர் மட்டும் கிளினிக் சென்றால், அறிக்கையில் "100 பேர்" என்றுதான் இருக்கும். எஞ்சிய 20 பேரின் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்திற்குப் பின் எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வந்தது என்று எண்ண வேண்டும்.

4. தன்னார்வலர் நிலைக்கிறாரா? மறுபயிற்சி, சோதனைக் கீற்று, பயணப்படி, சந்தேகம் கேட்க ஒரு தாதி ஆகியவை இல்லாவிட்டால் ஆர்வம் ஓராண்டில் வடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு செல்கிறார்கள். 2020-இல் எடுத்த மாநில ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆய்வில் 17 விழுக்காடு. உயர்வு முழுவதும் இத்திட்டத்தால் மட்டுமே என்று சொல்ல முடியாது. ஆனாலும் முன்பே அளந்து வைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிகிறது.

அடுத்த முறை உங்கள் தோட்டத்தில் முகாம் நடந்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். போன முறை சர்க்கரை அதிகம் இருந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.