துபாயில் ரூபாய் செல்லுபடியான காலம்

துபாயில் ஒரு காலத்தில் இந்திய ரூபாய்தான் பணம் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் பலர் நம்புவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஓமானைப் பாருங்கள். அங்கே இன்றும் சில்லறைக்குப் பெயர் ‘பைசா’. நம் ஊர்ப் பைசாவேதான் அது!

நானும் என் தோழியும் அல் கூஸில் ஒரு சின்ன அறையில் பாட்காஸ்ட் பதிவு செய்கிறோம். இந்திய வரலாறு, பண்பாடு, அன்றாடச் செய்தி எல்லாவற்றையும் பேசுவோம். கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே வளர்ந்தவர்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “நம்ம ஆளுங்க எண்ணெய் கிடைச்ச பிறகு வேலைக்கு வந்தவங்கதானே? அதுக்கு முன்னாடி நமக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?”

இந்தக் கேள்விக்கு ஒரு ரூபாய் நோட்டை வைத்தே பதில் சொல்லலாம்.

எண்ணெய்க்கு முன்பு இந்தக் கரையின் செல்வம் முத்து. வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளுக்குப் பெரிய சந்தை பம்பாய். அங்கிருந்து அரிசியும் துணியும் மரமும் திரும்பி வந்தன. வளைகுடா விவகாரங்களை ஆங்கிலேயர்கள் 1947 வரை இந்திய அரசு வழியாகவே நடத்தினார்கள். 1909-இல் துபாயில் திறந்த அஞ்சலகம்கூட இந்திய அஞ்சல் துறையுடையதுதான். கடிதங்களில் ஒட்டியது இந்திய அஞ்சல் தலை. கடைத்தெருவில் கைமாறியது இந்திய ரூபாய்.

இந்தியா விடுதலை அடைந்த பிறகும் ரூபாய் இங்கே ஓடியது. சிக்கல் தங்கத்தால் வந்தது. இந்தியா தங்க இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வைத்திருந்ததால், பம்பாயில் தங்கத்தின் விலை உலக விலையைவிட மிக அதிகம். துபாயில் தங்கம் வாங்கி விற்கத் தடை இல்லை. எனவே இங்கே வாங்கிய தங்கம் படகேறி இந்தியக் கரையில் ரகசியமாக இறங்கியது. விற்ற காசு ரூபாய் நோட்டுகளாக வளைகுடாவுக்குத் திரும்பியது. இங்குள்ள வங்கிகள் அந்த நோட்டுகளை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து பிரிட்டிஷ் பவுண்டு கேட்டன. ரிசர்வ் வங்கி கொடுத்தாக வேண்டும். அந்தப் பவுண்டைக் கொண்டு மறுபடியும் தங்கம். அதாவது, இந்தியாவுக்குள் கடத்தி வந்த தங்கத்துக்கு இந்தியாவே அந்நியச் செலாவணி கொடுத்துக்கொண்டிருந்தது!

இந்தச் சுற்றை அறுக்கத்தான் 1959-இல், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நோட்டுகள் வந்தன. வடிவம் இந்திய நோட்டுடையது, நிறம் மட்டும் வேறு. 10 ரூபாய் நோட்டு சிவப்பு, 100 ரூபாய் நோட்டு பச்சை. வரிசை எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்து. பின்பக்கத்தில் வழக்கம்போல இந்திய மொழிகளின் வரிசை, அதில் தமிழும் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துபாய்க் கடைக்காரர் எண்ணிய பணத்தில் தமிழ் எழுத்து இருந்திருக்கிறது.

இதனால் கடத்தல் நின்றுவிடவில்லை. ஆனால் பம்பாயிலிருந்து வந்த சாதாரண நோட்டை இங்கே பவுண்டாக மாற்றும் வழி அடைபட்டது.

குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்தப் பணத்துக்கு மாறின. பிறகு வந்தது 1966 ஜூன் 6. போர், வறட்சி, வெளிநாட்டு உதவிக்கான நெருக்கடி என்று திணறிய இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. வளைகுடா ரூபாயும் அதோடு கட்டப்பட்டது. 1,000 ரூபாயின் மதிப்பு சுமார் 210 டாலரிலிருந்து 133 டாலராக இறங்கியது. டெல்லியில் எடுத்த முடிவு துபாய்க்காரரின் பெட்டியைத் தொட்டது. துபாயும் கத்தாரும் இடைக்காலமாக சவூதி ரியாலுக்குப் போய், அதே ஆண்டில் தங்களுக்கென்று பொதுவாக ஒரு ரியாலை வெளியிட்டன. ஓமான் 1970 வரை ரூபாயை வைத்திருந்தது. இன்று நாம் செலவழிக்கும் திர்ஹம் 1973-இல்தான் பிறந்தது.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். துபாய் தன் எண்ணெயை முதன்முதலில் ஏற்றுமதி செய்தது 1969-இல். அதற்கு முன்பே ரூபாய் பல தலைமுறைகளாக இங்கே ஓடி முடிந்துவிட்டது. நம் உறவு எண்ணெயோடு தொடங்கியது அல்ல.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரூபாய் இங்கே வேரூன்ற வணிகம் மட்டுமல்ல, ஆங்கிலேயரின் அதிகாரமும் காரணம். நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: இந்தக் கடலில் யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்பது நிரந்தரம் அல்ல. அன்று டெல்லியின் அறிவிப்புக்காக துபாய் காத்திருந்தது. இன்று அல் கூஸின் லேபர் கேம்ப்களில் இருக்கும் அண்ணன்மார்கள் ரூபாய் எப்போது இறங்கும் என்று போனில் ரேட் பார்க்கிறார்கள். இறங்கினால் ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இங்கேயே பிறந்த நாமும் விசாவின் தேதியைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்தைத் திட்டமிடுகிறோம்.

2023 ஜூலையில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் ரூபாயிலும் திர்ஹமிலும் நேரடியாக வணிகம் செய்ய ஒப்பந்தம் போட்டன. செய்திகள் இதைப் புதுமை என்றன. அந்தச் சிவப்பு 10 ரூபாய் நோட்டைத் தெரிந்தவர்களுக்கு, பழைய பாதையில் மறுபடியும் ஆள் நடமாட்டம் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது “நீங்க எப்போ வந்தீங்க?” என்று கேட்டால், அப்பா விமானம் ஏறிய வருடத்தைச் சொல்லுங்கள். கூடவே இந்த நோட்டின் கதையையும் சொல்லுங்கள்.