தாழ்ந்து உயர்ந்த தீனபந்து

பணிவு வலியற்றோரின் குணம் என்று எண்ணுவோர் பலர். சீடரின் கால்களைக் கழுவிய இயேசுபிரானின் வழி நிற்போரோ, தம்மைத் தாழ்த்துவதே உயர்வு என்பர். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. நம் தில்லியின் காஷ்மீரி வாயிலே போதும்.

1881-இல் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி முன்னாளில் அவ்விடத்தில் இயங்கியது. 1904-இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அங்கே ஆசிரியராக வந்தார். 1906-இல் முதல்வர் பதவி காலியாயிற்று. வெள்ளையரே தலைமை தாங்கிய காலம் அது. ஆண்ட்ரூசுக்கே அப்பதவி கிட்டியிருக்கும். அவரோ, அனுபவத்தில் மூத்த சுசீல் குமார் ருத்ராவே தக்கவர் என வாதாடினார். ருத்ரா முதல் இந்திய முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவர்கீழ் மனமுவந்து பணிபுரிந்தார்.

1914-இல் டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து பாதம் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் சினந்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் வாடியோருள் நம் தமிழரும் உண்டு. 1915-லும் 1917-லும் ஆண்ட்ரூஸ் அங்குச் சென்று, அவர்தம் துயரை உலகறியச் செய்தார். 1920-இல் அங்கு அக்கொடுமை ஒழிந்ததற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். 1940-இல் கல்கத்தாவில் மறைந்த அவரை மக்கள் ‘தீனபந்து’ என்றே போற்றினர்.

முதல்வராயிருந்தால் ஒரு கல்லூரிக்குத் தலைவராகியிருப்பார். அதனை விடுத்ததால் ஏழைகட்கெல்லாம் உறவினரானார்.

அன்பர்களே! அலுவலகத்தில் ஒரு படி உயர்வுக்காக உடனிருப்போரோடு மாதக்கணக்கில் முகங்கொடாதிருக்கிறோம். அடியேனும் அதற்கு விலக்கல்லேன். காஷ்மீரி வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அப்பெரியாரை நினைத்து நாணுகிறேன். நம் பிள்ளைகளுக்கேனும் இவ்வரலாற்றைச் சொல்லி வைப்போம்.