டாப்சோன் போன வழி

1908இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஃபுரோம், விட்மன் என்ற இருவர் டாப்சோனைத் தயாரித்தபோது அது மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. 1937இல்தான் அதற்குக் கிருமியை அடக்கும் சக்தி உண்டென்று தெரிந்தது. மனித உடம்பு தாங்காது என்று பயந்தார்கள். மாட்டின் மடிநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அங்கிருந்துதான் அது நம் பக்கம் வந்தது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் தொழுநோயாளிகளுக்கென்று இருந்த பெரிய இடம், திருமணியின் லேடி வில்லிங்டன் மருத்துவமனை. அதுவரை நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் கதி. வலி அதிகம், பலன் சொற்பம். 1946 வாக்கில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே டாப்சோனை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போடத் தொடங்கினார். பிறகு நைஜீரியாவில் ஜான் லோ, குறைந்த அளவில் மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். மலிவான அந்த மாத்திரை எத்தனையோ பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது.

ஆனால் என்னை வியக்க வைப்பது அதன் அடுத்த பயணம். கிருமியே இல்லாத சில கொப்புள நோய்களிலும் டாப்சோன் கேட்டது. தாங்க முடியாத அரிப்பு ஓரிரு நாளில் அடங்கியது. காரணம் நம் வெள்ளணுக்களில் இருந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, கிருமியை விழுங்கியதும் ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதைக்கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் உண்டாக்கும் அதே அமிலம்! கிருமியைப் பொசுக்கும், கட்டுமீறினால் நம் தோலையும் புண்ணாக்கும். டாப்சோன் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. தொழுநோய்க் கிருமியிடம் அது செய்யும் வேலை வேறு: ஃபோலேட் தயாரிக்க விடாமல் தடுப்பது.

1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தில் டாப்சோனோடு ரிஃபாம்பிசினும் குளோஃபசிமினும் சேர்ந்தன. ஆய்வகத்தில் குளோஃபசிமின் பட்ட நியூட்ரோஃபில்கள் சூப்பராக்சைடைக் கூடுதலாக வெளியிடுகின்றன. ஒரே மருந்து அட்டையில், வெள்ளணுவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் இரண்டு மாத்திரைகள்.

வெள்ளணுவில் ஆக்சிஜனின் சீற்றத்தைத் தணிக்கும் டாப்சோன், சிவப்பணுவில் நேர்மாறாக நடக்கிறது. கல்லீரல் அதை மாற்றி அனுப்பும் பொருள் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்ய, உதடு நீலம் பூக்கலாம். ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் இந்த மாத்திரையை எழுதுமுன் ஜி6பிடி சோதனைக்கு அனுப்புகிறார்கள். அலைச்சல் என்று அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.