உடற்கடிகாரப் பிறழ்ச்சியும் உடற்பருமனும் மனநோயும்

உடற்கடிகாரப் பிறழ்ச்சி: நித்திரை, பசி, சரீர உஷ்ணம், சுரப்பிகளின் தொழில் ஆகியவற்றை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக நடத்திவரும் உள்ளொழுங்கு, புறவுலகின் பகலிரவோடு இசையாமல் விலகிப்போகும் நிலை இப்பெயரால் வழங்கப்படும். உடற்பருமனோடும், மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகிய தீவிர மனநோய்களோடும் இதற்குள்ள சம்பந்தம் நெடுங்காலம் வெவ்வேறு சாஸ்திரங்களின் எல்லைக்குள் சிதறிக் கிடந்து, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ஒருங்கே ஆராயப்படலாயிற்று.

1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான், தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருளிலேயே வைத்திருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்புவதைக் கண்டதே இத்துறையின் ஆரம்பம். 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில் இவ்வொழுங்கை ஆளும் மரபணுவைக் கண்டறிந்தனர். 1972இல், மூளையின் அடியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலுள்ள சிறு நரம்பணுத் திரளே பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் என்பது புலப்பட்டது. கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் தத்தம் கடிகாரங்கள் உண்டென்பதும், அவை வெளிச்சத்தைவிட உணவு வேளையையே பெரிதும் அனுசரிக்கின்றன என்பதும் பிற்பாடு தெளிந்தவை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே விசேஷமாகக் குறிக்கத்தக்கது. வெளிச்சமே புகாத குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால், சுற்றிலும் தன் இனம் சுயேச்சையாகப் பறந்து வந்து போனவரையில் அவற்றின் வேளையைத் தவறாமல் பின்பற்றிற்று. இனமில்லாத குகையில் அதன் காலக்கணக்கு புறவுலகினின்று விலகிப்போயிற்று. சகவாசமும் ஒரு காலங்காட்டி என்பதை இதனினும் தெளிவாக நிறுவிய பரிசோதனைகள் சிலவே. இருதுருவ நோயாளிகள் உண்பது, உறங்குவது, பிறரைச் சந்திப்பது ஆகியவற்றுக்கு நிலையான வேளை வகுத்துத் தரும் சிகிச்சையைப் பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்க் உருவாக்கியதும் இத்தகைய உண்மையைப் பற்றியதேயாகும்.

உடற்கடிகாரத்துக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு மருந்தின் வழியாகவும் வெளிப்பட்டது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இருதுருவ மனநோயில் காணும் பித்து மேலீட்டைத் தணிப்பதாகக் கண்ட லித்தியம் உப்பு, பூவிதழ்கள் விரிந்து மூடும் சுற்றையும் நீளச் செய்கிறதென்று 1973இல் ஜெர்மனியில் எங்கல்மன் காட்டினார்.

ஆயினும் கடிகாரம், பருமன், மனநோய் ஆகிய மூன்று இழைகளையும் ஒரே உடலில் காட்டியது, கடிகார மரபணு பழுதுபட்ட ஒரு சுண்டெலி வகைதான். இரவிலேயே பெரிதும் இரை தேடும் பிராணியாகிய இது, அப்பழுதினால் பகலிலும் ஏறத்தாழ அதே அளவு தின்று, கொழுத்து, இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்து நின்றதை 2005இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டூரெக்கும் பாஸும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில், அதே சுண்டெலி குறைவாக உறங்கி, ஓயாது ஓடி, அச்சம் குன்றி, இனிப்பையும் போதைப்பொருளையும் அளவுக்கு மீறி நாடிப் பித்து மேலிட்ட மனிதரை ஒத்திருந்ததையும், லித்தியம் கொடுத்தபின் அந்நடத்தை பெரும்பாலும் இயல்புக்கு மீண்டதையும் டல்லஸில் காலீன் மெக்லங் குழுவினர் கண்டனர். சுண்டெலியின் நடத்தையை மனிதனின் வியாதிக்குச் சமமாகக் கொள்வது பிழை; ஆனால் பருமனும் மனக்கிளர்ச்சியும் ஒரே பழுதினின்று கிளைக்கக்கூடும் என்பதை இனி மறுக்க இடமில்லை.

மனிதரைப் பொறுத்தவரை, 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் மனச்சிதைவு நோயாளிகள் 20 பேரை வேலையில்லாத ஆரோக்கியவான்களோடு ஒப்பிட்டு, நோயாளிகளின் நித்திரை ஒழுங்கே கடுமையாகக் குலைந்திருப்பதைக் கண்டனர்; ஆகவே வேலையின்மையே அக்குலைவுக்குக் காரணம் என்னும் எளிய விளக்கம் தள்ளுபடியாயிற்று. இதனோடு, மனச்சிதைவுக்குத் தரப்படும் ஒலன்சபின், குளோசபின் முதலிய மருந்துகள் பசியையும் எடையையும் பெருக்குகின்றன. தீவிர மனநோயாளிகள் பிறரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே மரிக்கின்றனர் என்பதும், அம்மரணங்களில் பெரும்பாலானவை இருதய நோய் முதலிய சரீர வியாதிகளால் நேர்வன என்பதும் உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கும் உண்மை. இந்நிலையில், மனநோயாளியின் பருமனை அவருடைய சோம்பலுக்கும் அடங்காத வாய்க்கும் பலனாகக் கூறிவரும் வழக்கம், விஞ்ஞான ஆதாரம் இல்லாதது மாத்திரமன்று, கொடிய அநீதியுமாகும்.