மரை பிடிக்காத லென்ஸ்: பழைய ஸ்டுடியோ கேமராக்களின் கதை

இன்னைக்கு ஒரு பித்தளை வளையத்தைப் பத்திப் பேசப்போறோம். உள்ளங்கையில அடங்குற சைஸ்தான். ஆனா அது தொலைஞ்சுபோனா, நூறு வருஷப் பழைய லென்ஸ் வெறும் பேப்பர் வெயிட் ஆயிடும்.

எங்க குமாரலிங்கபுரம் பக்கம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துல, பழைய வீடுகளுக்குள்ள போனா சுவர் உச்சியில கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையா சாய்ஞ்சு தொங்கும். தாத்தா நாற்காலியில உட்கார்ந்திருப்பார், பாட்டி பக்கத்துல நிற்பாங்க. அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள்ல இப்படிப் படம் எடுத்தது மரக் கேமராவுல. முக்காலி, துருத்தி, போட்டோகிராபர் தலைக்கு மேல கறுப்புத் துணி. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. ஹாஃப் பிளேட்னா 4¾ × 6½ அங்குலம். பல லென்ஸ்ல ஷட்டரே கிடையாது. மூடியைக் கழட்டி, மனசுக்குள்ள எண்ணி, திரும்ப மூடணும். அவ்வளவுதான்.

அந்த ஸ்டுடியோக்கள் மூடும்போது கேமராவைப் பிரிச்சு விக்கிறாங்க. மரப்பெட்டி ஒரு பக்கம், பளபளன்னு இருக்கிற பித்தளை லென்ஸ் இன்னொரு பக்கம். லென்ஸை ஆசையா வாங்கினவங்க கேட்கிற முதல் கேள்வி: "இது எதுல மாட்டும்?"

இன்னைக்கு கேமரா வாங்கினா மவுண்ட் பேரு டப்பாவுலயே இருக்கும். பழைய மரக் கேமராவுக்கு அப்படி எதுவும் இல்லை. லென்ஸோட பின்பக்கம் மரை இருக்கும். அது ஒரு பித்தளை வளையத்துல, அதாவது ஃபிளாஞ்சுல, திருகி உட்காரும். ஃபிளாஞ்சைச் சின்ன ஆணிகளால ஒரு பலகையில முடுக்கியிருப்பாங்க. பலகை கேமரா முன்னாடி சொருகிக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஃபிளாஞ்ச்தான் ஏபிஐ.

சரி, அந்த மரை அளவை யார் முடிவு பண்ணினது? ரொம்ப நாள் வரைக்கும் யாருமே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பட்டறைக்குத் தோதான மரையைப் போட்டுச்சு.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார். ஆனால் அது போல்ட், நட்டுக்கானது. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் மதுரையைப் பெரிய காகித நெகட்டிவ்களில் படம் பிடித்தார். அதே 1858-ல்தான் லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் தன் லென்ஸ்களுக்கு ஒரே மரையை ஏற்றுக்கொண்டது: 0.8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 36 இழை. அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. கேமரா உலகம் இன்னும் காத்திருந்தது. 1881-ல்தான் பிரிட்டன் போட்டோகிராபிக் சங்கம், பின்னாளில் ராயல் பட்டம் பெற்ற அதே சங்கம், ஃபிளாஞ்ச் அளவுகளை வகுத்தது. சின்ன, நடுத்தர அளவுகளுக்கு அங்குலத்துக்கு 24 இழை. ரொம்பப் பெரிய லென்ஸ்களுக்கு 12.

ஆனா அதுக்கு முன்னாடி செஞ்ச லென்ஸ்கள் அப்படியேதான் இருந்துச்சு. ஜெர்மனி, பிரான்ஸ் கம்பெனிகள் தங்கள் வழியில் போயின. சில நேரம் ரெண்டும் கலந்தும் வரும். லைக்காவோட திருகு லென்ஸைப் பாருங்க: விட்டம் 39 மில்லிமீட்டர், மரை மட்டும் அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 26.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல். ஆலப்புழையில் 1940-களில் கருணாகரன் என்பவர் உருவாக்கிய வாகீஸ்வரி கேமரா இந்தியா முழுக்க ஸ்டுடியோக்களுக்குப் போச்சு. இசைக்கருவி பழுது பார்க்கிற குடும்பம். கிழிஞ்ச துருத்தியைச் சரிபண்ணக் கொடுத்ததுலதான் அந்தக் கதையே தொடங்குது. தேக்குப் பெட்டி உள்ளூர், லென்ஸ் வெளிநாடு. அதனால பெட்டியில இருக்கிற பேரை வெச்சு லென்ஸோட மரையைக் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் பார்க்கணும்.

எப்படி அளக்கிறது? முதல்ல வெர்னியர் வெச்சு மரையோட வெளிவிட்டம். 50.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வந்தா, அது 2 அங்குலமா இருக்கலாம். அடுத்து இழைகளோட இடைவெளி. சீப்பு மாதிரிப் பல் வெச்ச மரை கேஜ் கடையில கிடைக்கும். அங்குலத்துக்கு ஒண்ணு, மெட்ரிக்குக்கு ஒண்ணு, ரெண்டுமே வேணும். ஏன்னா, அங்குலத்துக்கு 24 இழைன்னா இடைவெளி 1.058 மில்லிமீட்டர். மெட்ரிக் 1 மில்லிமீட்டர் வளையத்துல அதைப் போட்டா முதல் சுத்து அழகா ஏறும். நாலஞ்சு சுத்துல இறுகிடும். அங்கே பலத்தைக் காட்டினா பித்தளை மரை தேஞ்சிடும். நூறு வருஷம் தாக்குப்பிடிச்சது ஒரு நிமிஷத்துல காலி.

ஷட்டரோட வர்ற பிற்கால லென்ஸ்னா கவலை கம்மி. கோப்பல் 0-க்கு 34.6, 1-க்கு 41.6, 3-க்கு 65 மில்லிமீட்டர் ஓட்டை போதும். பின்னாடி வளையத்தை முடுக்கினா நின்னுடும்.

வளையமே இல்லைன்னா, அங்குல மரை வெட்டத் தெரிஞ்ச லேத் பட்டறைக்குப் போங்க. அளவை மட்டும் எழுதிக் கொடுக்காதீங்க, லென்ஸையே கையில கொடுத்துப் போட்டுப் பார்த்து வெட்டச் சொல்லுங்க.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தோட ஆதரவுல தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. படம் அப்படியாவது தப்பிக்குது. அதை எடுத்த கருவி எடைக்குப் போயிடுது. பலகை, ஃபிளாஞ்ச், லென்ஸ் மூணும் சேர்ந்திருந்தா, எந்த ஸ்டுடியோவுல எந்தக் கண்ணாடி வழியா நம்ம தாத்தா பாட்டியைப் பார்த்தாங்கன்னு சொல்ல முடியும். பிரிச்சுட்டா, அது ஊர் பேர் தெரியாத பித்தளை.

அதனால ஒரே வேண்டுகோள். உங்க சொந்தக்காரங்க ஸ்டுடியோ மூடுறாங்கன்னு தெரிஞ்சா, பலகையிலிருந்து லென்ஸைக் கழட்ட விடாதீங்க. கழட்டியாச்சுன்னா மூணையும் ஒரே பையில போட்டு, ஸ்டுடியோ பேரையும் ஊரையும் ஒரு சீட்டுல எழுதிப் போடுங்க. மரையை அப்புறம் அளந்துக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.