ஈரல் நொதியமும் முட்டைக் கோழியும்

கொலஸ்திரோல் உணவினின்று மட்டும் உடலிற் சேர்வதன்று. ஈரலே அதனைப் பெருமளவில் ஆக்குகின்றது. அவ்வாக்கத்தின் வேகத்தை ஆளுவது எச்.எம்.ஜி. கோ-ஏ றிடக்ரேசு என்னும் நொதியம். இதனைத் தடுக்கும் பொருளொன்றை நாடி, யப்பானிய சங்கியோ மருந்துக் கம்பனியைச் சேர்ந்த அக்கிரா எண்டோ 1971இல் பங்கசுகளை ஆராயத் தொடங்கினார். ஏறத்தாழ 6,000 வகைகளைச் சோதித்தபின், 1973இல், அரிசியிற் படர்ந்த பூஞ்சணமொன்றிலிருந்து கொம்பற்றின் கிடைத்தது.

சோதனைக் குழாயில் வென்ற அப்பொருள் எலியிடம் தோற்றது. கிழமைக்கணக்கில் ஊட்டியும் குருதிக் கொலஸ்திரோல் குறையவில்லை. அக்காலத்து மருந்தாய்வில் எலியின் தீர்ப்பே முதற்றீர்ப்பு. ஆதலின் கம்பனியாரின் ஊக்கம் தளர்ந்தது. நொதியம் தடைப்பட்டதும் எலியின் ஈரல் அதே நொதியத்தைப் பன்மடங்காக ஆக்கி ஈடுசெய்தது என்பது பின்னரே விளங்கிற்று.

எண்டோ கோழியை நினைந்தார். மஞ்சட்கரு கொலஸ்திரோல் மிக்கது. தானியத்திலோ அது இல்லையெனலாம். எனவே முட்டையிடும் பேட்டின் ஈரல் ஓயாது அதனை ஆக்கவேண்டுமன்றோ? 1976இல், ஆய்வுக்கெனக் கோழிகள் வைத்திருந்த சக ஆய்வாளர் ஒருவரை மதுச்சாலையொன்றிற் சந்தித்து இசைவு பெற்றார். கூட்டங்கள் பல செய்யாததை அச்சந்திப்புச் செய்தது போலும்! தீவனத்தில் ஆயிரத்திலொரு பங்கு கலந்து ஒரு மாதம் ஊட்டவே, குருதிக் கொலஸ்திரோல் ஏறத்தாழப் பாதியாயிற்று; முட்டைகளின் தொகை குன்றவில்லை. பின்னர் நாயிலும் குரங்கிலும் இப்பயன் காணப்பட்டது.

கொம்பற்றின் விற்பனைக்கு வரவில்லை. 1980இல் அதன் ஆய்வு நிறுத்தப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவுடைய லோவஸ்ரற்றின் 1987இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.