கடவுச்சொல்லிலிருந்து முகாமைசெய்யப்பட்ட அடையாளம் வரை: முகிற் கணிமையில் உடைமையும் அத்தாட்சியும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். வெற்றிடக் குழாயிலிருந்து திரான்சிஸ்ரருக்கும், அதிலிருந்து ஒருங்கிணைந்த சுற்றுக்கும் நிகழ்ந்த பாய்ச்சல்களே அங்கு முதன்மை பெறுகின்றன. யார், யாருடைய பொறியை, எந்த அத்தாட்சியின் பேரில் இயக்க அனுமதிக்கப்பட்டனர் என்ற வினா அவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகின்றது. ஆயின் உற்பத்திச் சாதனத்துக்கும் அதனை இயக்குவோனுக்குமிடையிலான உறவு இவ்வினாவிலேதான் துலக்கமாக வெளிப்படுகின்றது என்பது எமது கருத்து. இதனை ஆராய்வதற்குச் சிறியதொரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொண்டுள்ளோம். முகிற் கணிமையில் உட்கட்டமைப்புகளை நிறுவுவதற்குப் பயன்படும் ரெராபோம் என்னும் மென்பொருட் கருவி, இரகசியக் குறியீடு எதனையும் தன்கையில் வைத்திராமலே மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் அஸூர் முகிலினுள் நுழைவதற்குரிய வழியொன்று அதில் சேர்க்கப்பட்டது. ‘முகாமைசெய்யப்பட்ட அடையாளம்’ என்று இவ்வழியைத் தமிழில் வழங்கலாம்.

இலக்கிய ஆய்வாளனுக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்று வினவப்படலாம். கையிலிருக்கும் பொருளே ஆளின் அடையாளம் என்ற தருக்கத்தின் ஆபத்தைச் சிலப்பதிகாரம் படித்த எவரும் அறிவர். கோவலன் கையிலிருந்த சிலம்பு அவனைக் கள்வனாக்கிற்று. சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல் அவனது உயிர் போனபின்னரே அவனைக் குற்றமற்றவனாக்கிற்று. உடைமையை அத்தாட்சியாகக் கொள்ளும் முறை மிகப் பழையது. கணினியுலகம் அதனைக் கடவுச்சொல் என்ற வடிவிலே சுவீகரித்துக்கொண்டது.

கடவுச்சொல் கணினிக்குள் வந்த சந்தர்ப்பம் மனங்கொளத்தக்கது. 1961ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்ணான்டோ கோர்பற்றோவின் தலைமையில் நேரப்பகிர்வு முறைமை ஒன்று செய்துகாட்டப்பட்டது. ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்துவதற்கு அது வழிவகுத்தது. பொறியோ பெருவிலை கொண்டது. அதன் நேரம் அருமையான பண்டம். எனவே பயனாளர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் எனப் பங்கிடவேண்டியதாயிற்று. பங்கீட்டைக் காப்பதற்குக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. அந்தரங்கத்தைப் பேணுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றென்பது உண்மையே. எனினும் முதலாவது மீறல் பிறரின் அந்தரங்கத்தை நாடி நிகழவில்லை. 1962இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், வாரத்துக்கு நான்கு மணித்தியாலமே தமக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையாலும் தமது ஆய்வுக்கு அது போதாமையாலும், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு பொறிக்குக் கட்டளையிட்டுப் பெற்றுக்கொண்டார். அவர் அதனைப் பல ஆண்டுகள் கழித்துத் தாமே கூறினார். அவருக்கு வேண்டியிருந்தது பொறியின் நேரம். உற்பத்திச் சாதனம் பற்றாக்குறையாகவும் பிறருடைமையாகவும் இருக்குமிடத்தில் பூட்டும் பூட்டை உடைப்பதும் ஒருங்கே பிறக்கின்றன. 1966இல் அதே முறைமையில் நேர்ந்த தவறொன்றினால், நுழைவோருக்கெல்லாம் காட்டப்படும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் கோப்பு முழுவதும் முனையத்துக்கு வந்தது வேறு கதை.

அடுத்த கட்டத்தைச் சுருக்கமாகவே கூறலாம். 1978இல் நீடம், ஷ்ரோடர் ஆகிய இருவர் வலையமைப்பொன்றில் இரு தரப்பினர் நம்பிக்கைக்குரிய மூன்றாந் தரப்பொன்றின் துணையோடு ஒருவரையொருவர் இனங்காணும் நெறிமுறையை வெளியிட்டனர். 1983இல் மசாசூசெற்ஸ் நிறுவகத்தில் ஐ.பி.எம்., டிஜிற்றல் ஆகிய நிறுவனங்களின் ஆதரவோடு தொடங்கிய அதீனா திட்டத்திலே, அந்நெறிமுறையின் வழிவந்த கேர்பரொஸ் உருவாயிற்று. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாயில் காக்கும் நாயின் பெயர் அது. கடவுச்சொல்லைச் சேவைதோறும் கொடுத்துத் திரியாமல், குறித்த காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதிச்சீட்டொன்றைப் பெற்று அதனைக் காட்டும் முறை அதன் சாரம். அடையாளத்தை உறுதிசெய்பவரும் சேவையை வழங்குபவரும் இங்கு வெவ்வேறாகப் பிரிந்தனர். பின்வந்த யாவும் இந்தப் பிரிவின்மீதே எழுந்தன எனலாம்.

முகிற் கணிமை இந்நிலைமையில் பண்புரீதியான மாற்றத்தைக் கொணர்ந்தது. 2006இல் அமசோன் தன் சேமிப்பையும் கணிமையையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2010இல் அஸூர் வணிகச் சேவையாயிற்று. பொறியை உடைமையாகக் கொள்ளாது அதனை நேரக்கணக்கில் வாடகைக்குப் பெறும் முறை மீண்டும் வந்தது. ஒருவகையில் அது 1961இன் நேரப்பகிர்வேதான். பல்கலைக்கழகத்தின் இடத்தைப் பெருநிறுவனம் எடுத்துக்கொண்டது. இன்னுமொரு வேறுபாடும் உண்டு. வாடகைப் பொறிகளை நூற்றுக்கணக்கில் எழுப்புவதையும் அழிப்பதையும் மனிதக் கைகள் விசைப்பலகையிலிருந்து செய்து முடித்தல் இயலாததாயிற்று. 2012இல் மிச்சல் ஹஷிமோற்றோவும் ஆர்மன் டட்கரும் நிறுவிய ஹஷிகோர்ப், 2014இல் ரெராபோமை வெளியிட்டது. வேண்டிய உட்கட்டமைப்பு எவ்வாறிருக்க வேண்டுமென ஓர் ஆவணத்தில் எழுதிவிட்டால், உள்ளதற்கும் வேண்டியதற்குமிடையிலான வேறுபாட்டைக் கணித்து அதனை நிறைவேற்றுவது இக்கருவியின் பணி. முகிலின் வாயிலில் நின்று உள்ளே விடுமாறு கேட்பது இப்போது ஆளன்று, ஆவணத்தை நிறைவேற்றும் நிரலே.

நிரலுக்கு நினைவில் வைத்திருக்க மனமில்லை. ஆகவே இரகசியம் எங்கேனும் எழுதிவைக்கப்படவேண்டும். அஸூரில் ‘சேர்விஸ் பிரின்சிப்பல்’ என்ற பெயரில் நிரலுக்கெனக் கணக்கொன்றை உருவாக்கி, அதன் இலக்கத்தையும் இரகசியக் குறியீட்டையும் கருவிக்குக் கொடுப்பதே வழக்கமாயிருந்தது. அக்குறியீடு கோப்புகளிலும் சூழல் மாறிகளிலும் கட்டுமானச் சேவையகங்களிலும் பிரதிபண்ணப்பட்டுப் பரவிற்று. காலாவதியாகும் நாளை யாரோ ஓர் ஊழியர் நினைவில் வைத்திருந்து மாற்றவேண்டும். மறந்தால் உற்பத்தி நின்றுவிடும். நள்ளிரவில் எழுப்பப்படுபவரும் அவரே. 2016இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட நிரற்களஞ்சியமொன்றில் கிடந்த அமசோன் திறவுகோலைக் கண்டெடுத்தோர் 5 கோடி 70 இலட்சம் பேரின் தரவுகளைக் கவர்ந்துசென்றனர். நிறுவனம் அவர்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்ததும், 2017 நவம்பர் வரை விடயத்தை மறைத்து வைத்திருந்ததும் பின்னர் வெளியாயின.

2012இலேயே அமசோன், தன் வாடகைப் பொறிகளுக்குப் ‘பாத்திரம்’ ஒன்றை அணிவித்து அதன்மூலம் தற்காலிகத் திறவுகோல்களை வழங்கும் முறையை அறிமுகஞ்செய்திருந்தது. 2017 செப்ரெம்பரில் மைக்ரோசொவ்ற் அதனையொத்த முறையை அஸூரில் முன்னோட்டமாக வெளியிட்டது. அதன் செயல்முறை எளிது. ஒவ்வொரு வாடகைப் பொறியினுள்ளிருந்தும் 169.254.169.254 என்ற முகவரியை அணுகலாம். அம்முகவரி வெளி வலையமைப்புக்குச் செல்லாது. பொறியைத் தாங்கிநிற்கும் முகிலே அதற்கு விடையளிக்கின்றது. பொறியினுள் இயங்கும் நிரல், தான் எந்தச் சேவையை நாடுகிறது என்பதை மட்டும் அங்கே கூறுகின்றது. தான் யாரென்று அது கூறுவதில்லை. எந்தப் பொறியிலிருந்து கேள்வி வந்தது என்பதை முகில் ஏலவே அறியும். குறுங்கால அனுமதிச்சீட்டொன்று விடையாக வருகின்றது. அதன் பின்னாலுள்ள இரகசியத்தை உருவாக்குவதும் மாற்றுவதும் முகிலின் பொறுப்பு. வாடகைக்காரர் அதனைக் காண்பதேயில்லை.

இதனை ரெராபோமில் சேர்த்தமை புறத்தோற்றத்தில் அற்பமான பணி. அஸூருக்கான இணைப்புக்கூறு, தனக்குத் தரப்பட்ட விபரங்களைக்கொண்டு எந்த வழியில் நுழைவது என்று தீர்மானிக்கின்றது: சான்றிதழோடா, இரகசியக் குறியீட்டோடா, கட்டளைவரியில் மனிதர் ஒருவர் ஏற்கெனவே நுழைந்திருக்கிறாரா என்று. அவ்வரிசையில் இன்னொரு வழி புகுந்தது. பயனாளர் ‘பொறியின் அடையாளத்தைப் பயன்படுத்து’ என்று வெளிப்படையாகக் கூறவேண்டும். இரகசியக் குறியீட்டைத் தரவேண்டியதில்லை. வெளிப்படையாகக் கூறவேண்டும் என்ற நிபந்தனையை நான் சரியானதென்றே மதிக்கிறேன். பொறிக்குள்ள அதிகாரம் அதனை இயக்குபவரின் அதிகாரத்திலும் பெரிதாயிருக்கக்கூடும், அறியாமலே அதனை அணிந்துகொள்வது நன்றன்று. இன்னுமொரு சிக்கலும் இருந்தது. தொடக்கத்தில் அஸூர், பொறியினுள்ளேயே நிறுவப்படும் நீட்சியொன்றின் 50342ஆம் வாயிலில் சீட்டை வழங்கிற்று. பின்னர் அதனைக் கைவிட்டு மேற்குறித்த முகவரிக்கு மாற்றியது. அதனால் சீட்டு எங்கே கிடைக்கும் என்பதையும் பயனாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ள இடம்விடவேண்டியதாயிற்று. முகிலின் சொந்தக்காரர் வாயிலை இடம்பெயர்க்கும்போது கருவியை எழுதுவோர் பின்தொடர்ந்து ஓடவேண்டும் என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

இங்கு நிகழ்ந்தது யாது? ஹென்றி மெயின் 1861இல் எழுதிய பண்டைச் சட்டம் பற்றிய நூலில், முன்னேறும் சமூகங்களின் இயக்கம் பிறப்புவழி நிலையிலிருந்து ஒப்பந்தத்தை நோக்கியது எனக் கொண்டார். முகாமைசெய்யப்பட்ட அடையாளத்தில் எதிர்த்திசை இயக்கமொன்றைக் காண்கிறோம். இரகசியக் குறியீடு தன்னை வைத்திருப்பவர் யாராயினும் அவருக்கு வேலைசெய்யும். முதலாளியச் சந்தையின் பணத்தைப் போல அது ஆளறியாது. புதிய அடையாளமோ நிலத்தோடு பிணைந்தது. அஸூரின் ஒருவகை அடையாளம் பொறியோடு பிறந்து பொறியோடு மடிகின்றது. மற்றவகை தனியே படைக்கப்பட்டுப் பல பொறிகளுக்கு அணிவிக்கப்படலாம். இரண்டும் அந்நிலத்துக்கு வெளியே செல்லாதவை. ‘நீ யார்?’ என்ற வினாவுக்கு ‘இன்னாருடைய நிலத்தில் நிற்பவன்’ என்பதே விடையாகின்றது. இதனை நிலமானியம் என்று உடனே பெயர்சூட்டிவிடும் ஆர்வம் நம்மிற் சிலருக்கு ஏற்படலாம். அது அவசரம். வாடகையும் கூலியும் சந்தையும் அப்படியே இருக்கின்றன; மாறியிருப்பது அத்தாட்சியின் வடிவமே. அதனால் ஊழியருக்கு விளைந்த நன்மையையும் மறுத்தல் ஆகாது. திறவுகோலைச் சுமக்கும் பாரமும், அது தொலைந்தால் வரும் பழியும் அவர் தோளிலிருந்து இறங்கியுள்ளன. அதற்கு ஈடாகப் பிறிதொரு முகிலுக்குப் பெயர்ந்துசெல்வது முன்னையிலும் கடினமாயிற்று.

முரண்பாடு இத்துடன் முடியவில்லை. பொறிகளை உருவாக்கும் கருவிக்கு அடையாளம் வேண்டுமாயின் அது ஏற்கெனவே ஒரு பொறியினுள் இருக்கவேண்டும். முதலாவது பொறியையும் அதற்குரிய அதிகாரத்தையும் படைப்பது யார்? அங்கே மனிதர் ஒருவர் தம் சொந்தக் கடவுச்சொல்லோடு வந்தாக வேண்டியிருக்கிறது. மேலும், ரெராபோம் தான் உருவாக்கியவற்றைப் பதிந்துவைக்கும் நிலைக்கோப்பில், அது படைத்த தரவுத்தளங்களின் கடவுச்சொற்கள் மறைகுறியின்றியே கிடக்கக்கூடும். வாயிலில் இரகசியத்தை ஒழித்த கருவி, வீட்டினுள்ளே அதனைச் சேர்த்து வைக்கின்றது.

நிலத்தில் நிற்பதே அத்தாட்சி என்றால், நிலத்தில் நிற்பவரை ஏமாற்றிக் கேட்கவைப்பதே திருட்டின் புதிய வடிவமாகும். 2019இல் அமெரிக்காவின் கப்பிற்றல் வன் வங்கியில் நிகழ்ந்தது அதுவே. பிழையாக ஒழுங்கமைக்கப்பட்டிருந்த காப்பரண் ஒன்றைத் தன் சார்பில் உள்முகவரியைக் கேட்கச் செய்து, அதன் பாத்திரத்துக்குரிய தற்காலிகத் திறவுகோலைப் பெற்ற ஒருவர் ஏறக்குறைய 10 கோடி 60 இலட்சம் பேரின் தரவுகளை எடுத்தார். அவர் முன்னர் அதே முகில் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 2020இல் வங்கிக்கு 8 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அமசோன் 2019 நவம்பரில், முன்கூட்டியே ஒரு சீட்டைப் பெற்றபின்னரே உள்முகவரி விடையளிக்கும் முறையை வெளியிட்டது. அஸூரில் கேள்வியோடு குறித்த தலைப்புவரி ஒன்று வரவேண்டுமென்ற விதி இவ்வகை ஏமாற்றுக்கு ஓரளவு தடையாக இருந்தது. ஆயினும் 2022 மார்ச்சில் பகிரங்கமான ‘ஓட்டோவார்ப்’ என்ற குறைபாடு அஸூரின் தன்னியக்கச் சேவையைச் சார்ந்தது. பக்கத்து வாயிலைத் தட்டினால் வேறொரு வாடிக்கையாளரின் அடையாளச் சீட்டு கிடைத்தது. வெளியார் ஆய்வாளர் கண்டறிந்து கூறியபின் மைக்ரோசொவ்ற் அதனைத் திருத்தியது. இங்கே வாடிக்கையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே கவனிக்கற்பாலது. தன் திறவுகோலைத் தானே வைத்திருந்தவன் தன் கவலையீனத்தால் இழந்தான். பிறர் வைத்திருக்கும் திறவுகோலை இழப்பவனுக்கு அது பற்றிய அறிவித்தல் மட்டுமே வந்துசேர்கின்றது.

கருவியின் உடைமை பற்றியும் கூறவேண்டும். ரெராபோம் மொசில்லா பொது உரிமத்தின் கீழ் வெளிவந்தது. ஊதியம் பெற்றோரும் பெறாதோருமாகப் பலர் அதன் வளர்ச்சிக்கு உழைத்தனர். தம் பங்களிப்பை நிறுவனம் வேறு உரிமத்திலும் வழங்கலாம் என்ற உடன்படிக்கையில் அவர்கள் ஒப்பமிட்டிருந்தனர். 2023 ஓகஸ்டில் ஹஷிகோர்ப் அந்த உரிமையைப் பயன்படுத்தி, போட்டி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் வணிக உரிமத்துக்குக் கருவியை மாற்றியது. கூட்டுழைப்பின் விளைவு தனியுடைமையாகும் நிகழ்முறையை நூல்களில் மட்டும் படித்தோருக்கு இது வாழும் உதாரணம். அடுத்த மாதமே முந்திய நிரலிலிருந்து கிளைத்த ஓப்பன்டோபு, லினக்ஸ் நிறுவகத்தின் ஆதரவில் இடம்பெற்றது. ஹஷிகோர்ப்பை 640 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக 2024 ஏப்ரிலில் அறிவித்த ஐ.பி.எம்., 2025 பெப்ரவரியில் அதனைத் தன்வயமாக்கிற்று. அஸூருக்கான இணைப்புக்கூறு பழைய உரிமத்திலேயே தொடர்ந்தது. ஆதலால் பொறியின் அடையாளத்தைக் கேட்கும் அச்சிறு நிரற்பகுதி இரு தரப்புக் கருவிகளுக்கும் இன்றும் பொதுவாகவே உள்ளது. கேள்வி எந்தக் கருவியிலிருந்து புறப்பட்டாலும் 169.254.169.254 என்ற அதே முகவரிக்கே செல்கின்றது. பொறிக்குச் சொந்தக்காரரே அதற்கு விடையளிக்கின்றார்.